கல்வெட்டுப் படத்தை எதில் திறக்கிறோம்?

திருப்பரங்குன்றத்துச் சமணர் குகைத்தளத் தமிழிக் கல்வெட்டு ஒன்றில் எருக்காட்டூர் ஈழக்குடும்பிகன் பொலாலையன் என்ற பெயரைப் படிக்கிறோம். மதுரைக்கும் ஈழத்துக்கும் இருந்த பழைய உறவைப் பேசும்போதெல்லாம் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் சொல் அதிலுள்ள ஈழம். தமிழியில் சொல்லின் முதலில் வரும் இகரத்துக்குக் கோடே கிடையாது, மூன்று புள்ளிகள்தான். ஈகாரத்துக்கு ஒரு நேர்கோடு, இருபுறமும் ஒவ்வொரு புள்ளி. பாறையின் பொரிவு எது, உளி பட்ட புள்ளி எது என்று பிரித்தறிவதில்தான் வாசிப்பே இருக்கிறது.

அப்படியொரு கல்வெட்டின் படத்தைக் கணினியோடு வந்த செயலியில் திறந்து, கறை நீக்கும் தூரிகையை ஒருமுறை ஓட்டினால் போதும். அது பொரிவையும் நீக்கும், எழுத்தையும் நீக்கும். பிறகு பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்துகிறோம். கேமரா தந்த மூலப்படத்தின் மேலேயே திருத்திய படம் ஏறிவிடுகிறது. வேறு பிரதி எடுத்து வைக்காதவரிடம் இனி இருப்பது அவர் கருதிய வாசிப்பின் படம் மட்டும்.

களப்பணியாளர்கள் மடிக்கணினியில் உடனடியாக மாற்ற வேண்டியது படத்தை இயல்பாகத் திறக்கும் இந்தச் செயலியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸின் பெயிண்ட் 1985-இல் முதல் பதிப்போடேயே வந்தது. படம் வரையவும் வெட்டி ஒட்டவும் உருவான எளிய கருவி. அதற்கு அது நன்றாகவே உதவுகிறது. சான்றைக் காக்க அதை யாரும் உருவாக்கவில்லை. ஜேபெக் படத்தை அதில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் மறுபடி சுருக்கப்படுகிறது. ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடும். தேய்ந்த கீறலின் விளிம்பு என்பது அந்த நுண்ணிய வேறுபாடுதான். மேக் கணினியின் பிரிவியூ, நாம் சேமிக்கச் சொல்லாமலேயே திருத்தத்தை அதே கோப்பில் எழுதிவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வசதிகளும் இத்தகைய செயலிகளுக்குள் வந்துவிட்டன. அழித்த இடத்தில் இருந்திருக்கக்கூடியதை அவை தாமே இட்டு நிரப்புகின்றன. கல்வெட்டில் இதைவிட ஆபத்தான உதவி வேறில்லை.

மாற்றாக நான் பரிந்துரைப்பது கிம்ப். விலையில்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2012-இல் வந்த 2.8 பதிப்பில் ஒரு மாற்றம் செய்தார்கள். சேமி என்றால் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில், அடுக்குகளோடு, தனிக் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக்காக வேண்டுமென்றால் ஏற்றுமதி என்று தனியாகச் சொல்ல வேண்டும். இது தொல்லை என்று அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். நமக்கு அந்தத் தொல்லைதான் காப்பு. கை பழக்கத்தில் அழுத்தினாலும் மூலப்படம் தப்பிக்கும். கீறல்களைத் தடம் பிடித்து வரைவதைத் தனி அடுக்கில் செய்தால், வாசிப்பு வேறு, கல் வேறு என்று எவரும் பிரித்துப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. திருப்பரங்குன்றம் குடைவரையில் கலி 3874, அதாவது பொ.ஆ. 773 என்று ஆண்டு குறித்த கல்வெட்டு இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரி சாத்தன் கணபதியின் திருப்பணியைச் சொல்வது. இத்தகைய குடைவரைகளில் வெளிச்சம் குறைவு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்தால் எழுத்து நிழலில்தான் எழும்பும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைதான். கேமராவின் 14 பிட் ரா கோப்பிலோ 16,384. இருட்டுப் பகுதியைத் தூக்கிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் 16, 32 பிட் ஆழத்தில் வேலை செய்கிறது. ரா கோப்பை அது நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரப்பியோ கூட வேண்டும். பாறை ஓவியங்களை எடுப்பவர்களுக்கு இமேஜ்ஜேயும், அதில் பொருத்தும் டிஸ்ட்ரெச்சும் தனியே தேவைப்படும்.

நிறுவினால் மட்டும் போதாது, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். விண்டோஸில் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பது ஒரு ஏற்பாடு. வலச் சொடுக்குப் பட்டியலில் திருத்து என்று வருவது வேறு ஏற்பாடு. அமைப்புகளில் இயல்புநிலைச் செயலிகள் பகுதிக்குப் போய் ஜேபிஜி, பிஎன்ஜி, டிஃப் ஒவ்வொன்றுக்கும் கிம்ப்பைத் தேர்ந்தாலும், திருத்து என்பது பெயிண்டையே அழைக்கக்கூடும். அதையும் மாற்றப் பதிவேட்டில் கைவைக்க வேண்டும். தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள். முடியாதவர்கள் ‘இதில் திற’ வழியாகவே போகப் பழகலாம். மேக்கில் எளிது: கோப்பின் தகவல் பெட்டியில் செயலியைத் தேர்ந்து, அனைத்தையும் மாற்று என்று கொடுத்தால் முடிந்தது.

பழைய மடிக்கணினியில் கிம்ப் மெதுவாகத் திறக்கும். பழகவும் சில வாரங்கள் பிடிக்கும். மைப்படி எடுக்கத் தாளை நனைத்துத் தூரிகையால் தட்டப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

அடுத்த இதழ் முதல், புதிய வாசிப்பை முன்வைக்கும் கட்டுரைகளோடு கேமரா தந்த மூலக் கோப்பையும் கேட்கப் போகிறோம். திருத்திய படத்தை எக்ஸ்சிஎஃப் அல்லது டிஃப் வடிவில், தடம் வரைந்த அடுக்கு தனியாக இருக்கும்படி அனுப்புங்கள். விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் படக்குறிப்பில் எழுதுங்கள்.