வண்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவரா நீங்க? டியூ நின்னா உங்க தலையில என்ன விழும்?

"சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா, டியூ எல்லாம் நான் கட்டிக்கிறேன்." ஃபைனான்ஸில் வண்டி எடுக்கும்போது அடிக்கடி கேட்கிற வசனம் இது. கையெழுத்து போடுபவரும் ஏதோ சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைத்துத்தான் போடுகிறார். ஆனால் சட்டம் அவரை சாட்சியாகப் பார்ப்பதில்லை. கடனாளியாகவே பார்க்கிறது.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. பாதி அல்ல, முழுசு.

முதலில் வண்டிக்காரரைத்தானே கேட்கணும்?

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். 1968-லேயே பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் வசூலிக்கப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேராக உங்கள் வீட்டுக்கே நோட்டீஸ் வரலாம். வண்டிக்காரர் ஊரை விட்டுப் போயிருந்தால், நிலையான வேலையும் முகவரியும் உள்ள உங்களைத்தான் முதலில் தேடுவார்கள். உங்களை ஜாமீன் கேட்டதே அதற்காகத்தான்.

வண்டியைத்தான் தூக்கிட்டாங்களே, கடன் முடிஞ்சிடுச்சுல்ல?

முடியாது. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு குட்டி யானை லோனில் 3,80,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வண்டியை சீஸ் செய்து, யார்டில் நிறுத்தி, ஏலத்தில் 2,10,000-க்கு விற்கிறார்கள். யார்டு வாடகை, சீசிங் செலவு என்று 15,000 கணக்கில் ஏறுகிறது. மீதி 1,85,000 ரூபாய் அப்படியே நிற்கும். வண்டியும் போய், கடனும் இருக்கும். அந்தத் தொகைக்கு இரண்டு பேருமே பொறுப்பு.

வண்டியைத் தூக்குவதே சட்டவிரோதம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் முழுசாக நம்ப வேண்டாம். ஹையர் பர்ச்சேஸ் முறையில் கடைசி டியூ கட்டும்வரை வண்டியின் உரிமையாளர் ஃபைனான்ஸ் நிறுவனம்தான். டியூ நின்றால் ஒப்பந்தப்படி வண்டியை எடுப்பது குற்றமல்ல என்று 2020-ல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் எடுக்கிற முறைக்குக் கட்டுப்பாடு உண்டு. அடியாட்களை வைத்துப் பிடுங்கக் கூடாது என்று 2007-லேயே அதே நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. நோட்டீஸ் காலம் எவ்வளவு, விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. வசூலுக்காக யாரையும் மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன் வாங்கியவருக்கு போன் போடக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலும் உத்தரவு போட்டது.

அடுத்த மாதமே ஜார்கண்டின் ஹசாரிபாக்கில் டிராக்டர் ஒன்றைப் பறிமுதல் செய்யப் போன இடத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகே சம்பந்தப்பட்ட நிறுவனம் வெளி ஏஜெண்டுகளை வைத்து வசூல் செய்ய ரிசர்வ் வங்கி தற்காலிகத் தடை விதித்தது. விதி காகிதத்தில் இருப்பதும் யார்டில் இருப்பதும் ஒன்றல்ல.

சம்பளத்தில் கை வைப்பாங்களா?

கம்பெனி ஒரு கடிதம் எழுதியதுமே சம்பளத்தைப் பிடித்துவிட முடியாது. நீதிமன்றத் தீர்ப்போ, மத்தியஸ்தர் தரும் அவார்டோ வேண்டும். அப்போதும் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. அவார்டு என்றதும் ஞாபகம் வருகிறது: 'ஆர்பிட்ரேஷன்' என்று தபால் வந்தால் பிரிக்காமல் மேஜையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் விசாரணை நடக்கும், உத்தரவும் வரும்.

செக் கொடுத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கணவர் ஹையர் பர்ச்சேஸில் எடுத்த காருக்கு ஜாமீன் போட்ட மனைவியின் செக் பவுன்ஸ் ஆனது. ஜாமீன்தாரர் மீது செக் வழக்கு நிற்காது என்று கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஜாமீன்தாரரின் செக்குக்கும் பிரிவு 138 பொருந்தும் என்றது. தொகை எழுதாத செக்கை ஃபைனான்ஸில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்போ ஜாமீன்தாரருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிந்தைய விஷயங்களில் உங்கள் பொறுப்பு நீங்கும் (பிரிவு 133). நிறுவனம் உங்கள் சம்மதமின்றி வண்டியைக் கைநழுவ விட்டால், அதன் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும் (பிரிவு 141). அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்றாலும் இதே வாதத்தை வைக்கலாம். ஆனால் ஒன்று, இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வைக்க வேண்டும்.

நீங்கள் பணம் கட்டிவிட்டால், நிறுவனத்தின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் (பிரிவு 140). கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் வழக்கு போட்டு வாங்கலாம். அதனால் உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள், பணமாகக் கையில் கொடுக்காதீர்கள். ஏல விவரத்தையும் கணக்கு ஸ்டேட்மென்டையும் எழுத்தில் கேளுங்கள். 2023 ஆகஸ்ட் உத்தரவுப்படி அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, அதன் மேல் வட்டியும் ஏற்றக் கூடாது. பழைய கணக்கில் அப்படி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். உதவி எண் 14448. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்கு அழைத்து, இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம்.