திண்ணைப் பேச்சும் சிப்பாயின் வைத்தியமும்

வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பட்டாளத்தில் சேவித்த முதியவர்கள் சிலர் கூடிப் பேசுவதை நாம் கண்டதுண்டு. தண்ணீர், ரேஷன், பேரனின் படிப்பு என்று தொடங்கும் சம்பாஷணை, பழைய ரயில் பிரயாணங்களில் நெடுந்தூரம் உலாவி, மருந்துச் செலவில் வந்து நிற்கும். இதை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் எண்ணட்டும். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேவித்தனர். யுத்தம் முடிந்ததும் அவர்களில் மிகப் பலர் பென்ஷனின்றியே வீடு திரும்பினர். முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரலில் பிறந்தது. ஆனால் அது பென்ஷன் பெறுவோருக்கே உரியதாயிற்று. பென்ஷனில்லாத அந்த யுத்த வீரர்களுக்கு அதன் கதவு திறந்தது 2019 மார்ச்சில்! 1945-இல் 20 பிராயத்து வாலிபனுக்கு அப்பொழுது 94 பிராயம். சலுகையை அனுபவிக்க எத்தனை பேர் எஞ்சியிருந்திருப்பர்?

தாமதம் சர்க்காரின் பிழை. அசட்டை நம் பிழை. 2003-க்கு முன் ஓய்வு பெற்றவரும், குடும்பப் பென்ஷன் பெறும் விதவையும் மனுச் செய்து அட்டை பெற்றாலன்றி இத்திட்டத்தால் பயனில்லை. எழுத்தறியாத விதவைக்கு இதை எடுத்துச் சொல்வார் யார்? அத்திண்ணைப் பேச்சே அவளுக்குச் சில வேளை ஒரே அறிவிப்பு.

தேசத் தொண்டர்களே! மேடையில் வீரவணக்கம் முழங்குமுன் உங்கள் தெருத் திண்ணையில் அரைமணி உட்காருங்கள். அவர்களுடைய பழைய காகிதங்களைப் படித்து, மனு எழுதிக் கொடுத்து, ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். இன்னொரு 74 ஆண்டுகள் காத்திருக்க அவர்களில் எவருக்கும் ஆயுளில்லை.