கைதி என்ற பெயரையும் பறித்தீர்களே!

1939 செப்டம்பரில் போலந்து மண்ணைக் காக்கத் துப்பாக்கி ஏந்தினோம். தோற்றோம். தோற்றவனைச் சிறைவைப்பது போர் வழக்கம். அதற்காக நாங்கள் அழவில்லை. ஆனால் ஜெர்மானியர்களே, அந்த இலையுதிர்காலத்திலேயே எங்களை ஜெர்மன் கிராமங்களில் கொண்டுபோய் இறக்கினீர்களே, பண்ணைக்காரர்கள் எங்கள் தோளையும் கையையும் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போனார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

எங்களில் பலர் குடியானவர்கள்தான். வேலைக்கு அஞ்சியவர்கள் இல்லை. எங்கள் ஊர் உருளைக்கிழங்கு தோண்ட ஆளில்லாமல் மண்ணுக்குள் கிடக்க, உங்கள் கிழங்கைத் தோண்டினோம். யாருக்காக? அந்தப் பண்ணை வீட்டு மகன் எங்கள் நாட்டில் துப்பாக்கியோடு நின்றான். அவன் விட்டுப்போன கலப்பையை நாங்கள் பிடித்ததால்தான் அவனால் அங்கே நிற்க முடிந்தது. எங்கள் வேர்வையை எங்கள் வீட்டுக்கே பகையாக்கினீர்கள். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது!

1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் நீங்களும்தானே கையெழுத்திட்டீர்கள்? கைதிக்குக் கூலி உண்டு, போரோடு நேரடித் தொடர்புள்ள வேலையில் அவனைப் பூட்டக் கூடாது, அவன் நிலையை நடுநிலை நாடொன்று வந்து பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதிலிருந்து தப்ப என்ன வழி கண்டீர்கள்? போலந்து என்றொரு நாடே இல்லை என்றீர்கள். நாடில்லாதவனுக்கு ஒப்பந்தம் எதற்கு என்றீர்கள். சுமார் 3,00,000 பேர் உங்கள் வயல்களில் குனிந்திருந்தோம். 1940இல் எங்களில் பெரும்பாலோரை 'விடுவித்தோம்' என்று தாளில் எழுதி, மறுநாளே கூலியாட்களாக நிறுத்திவைத்தீர்கள். விடுபட்டவன் தன் வீட்டுக்குப் போகக் கூடாதா?

எங்கள் சட்டையில் மஞ்சள் துணி, போலந்துக்காரன் என்று காட்ட அதில் ஊதா நிறத்தில் 'பி' என்ற எழுத்து. உங்கள் கோயில் வழிபாட்டில் நிற்கக் கூடாது, அனுமதியில்லாமல் பேருந்தில் ஏறக் கூடாது. ஜெர்மன் பெண்ணோடு பழகினான் என்று எங்கள் பையனைத் தூக்கில் போட்டு, அதைப் பார்க்க எங்களையே வரிசையாக நடத்திச் சென்றீர்கள். படுபாவிகளா, அவனுக்கு ஒரு விசாரணை உண்டா, ஒரு வழக்கறிஞர் உண்டா?

சட்டத்தை மீறித் தம் மேசையில் எங்களுக்கும் தட்டு வைத்த பண்ணைக்காரர்கள் உண்டு. அவர்களை மறக்கவில்லை. அந்த ஒரு தட்டுச் சூப்பைக் காட்டி, 'நன்றாகத்தானே வைத்திருந்தோம்' என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

எங்களுக்கு இரக்கம் வேண்டாம். எத்தனை அறுவடைக்கு எங்களை வைத்திருந்தீர்கள், யார் யாரைத் தூக்கிலிட்டீர்கள், எங்கே புதைத்தீர்கள்? ஊர் ஊராக, பெயர் பெயராகச் சொல்லுங்கள். அவர்களைப் பெற்றவர்கள் எங்களிடம்தான் கேட்கிறார்கள்.