எங்களையும் ஊரோடு சேருங்கள்: சந்தை நகர விளிம்பில் வாழ்வோரின் கோரிக்கைச் சாசனம்

கவுண்டி கவுன்சிலுக்கும், மாவட்ட கவுன்சிலுக்கும், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும், வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனத்துக்கும், அதன்பின் வந்து சேர்ந்த பராமரிப்பு நிறுவனத்துக்கும்:

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சந்தை நகரத்தின் விளிம்பில், முன்பு கோதுமை விளைந்த வயலில் எழும்பிய வீடுகளில் குடியிருக்கிறோம். நகரத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கையெழுத்திட்டவர்களில் சிலர் வீட்டை விற்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் இதைப் படித்தால் விலையைக் குறைப்பார் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான்.

'அமைதியான சூழல்' என்று விற்பனைப் பிரசுரத்தில் போட்டிருந்தது. பொய்யில்லை. பகலில் புறாவும் புல்வெட்டும் இயந்திரமும்தான் கேட்கும். ஆனால் இந்த அமைதியில் பாதி, இருக்க வேண்டியவை இல்லாததால் வந்தது. பேருந்து இல்லாத அமைதி, கடை இல்லாத அமைதி, நடந்துபோக ஆளில்லாத அமைதி. மீதிப் பாதியை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

முதலில் சாலை. வீட்டு வாசலில் இருக்கும் தார்ச்சாலை பார்வைக்குப் பொதுச் சாலைதான். விளக்குக் கம்பம் உண்டு, குப்பை வண்டி வருகிறது, தபால்காரர் வருகிறார். சட்டப்படி அது இன்னும் தனியார் நிலம். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, கட்டுநரும் கவுண்டி கவுன்சிலும் ஒப்பந்தம் செய்துகொண்டால் சாலையைப் பொதுவில் ஏற்கலாம் என்கிறது. செய்துகொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இரு தரப்பும் சும்மா இருப்பதே இரு தரப்புக்கும் மலிவு. ஆகவே சாலை, புல்வெளி, மழைநீர் தேங்கும் குளம், குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் பராமரிப்பு நிறுவனம் எங்களிடம் 'எஸ்டேட் கட்டணம்' வசூலிக்கிறது. கவுன்சில் வரி அதற்கு மேல், ஒரு பென்னி குறையாமல்.

இது எங்கள் தெருவின் கதை மட்டுமல்ல. நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 11 பெரிய கட்டுமான நிறுவனங்கள் 2021-22-இல் விற்ற சொந்த நில வீடுகளில் 80 சதவீதத்துக்கு இத்தகைய கட்டணம் இருக்கிறது. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. தொகை ஒருபுறம் இருக்கட்டும். வேலை செய்யாத நிறுவனத்தை மாற்ற எங்களுக்கு வழியில்லை என்பதுதான் உறுத்துகிறது. எங்களில் சிலருடைய பத்திரத்தில் இதைவிடக் கடுமையான ஒன்று ஒளிந்திருக்கிறது: கட்டணம் 40 நாள் பாக்கி விழுந்தால், 1925-ஆம் ஆண்டு சொத்துச் சட்டத்தின் 121-ஆம் பிரிவைக் காட்டி வீட்டையே குத்தகைக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் அதிகாரம். சில நூறு பவுண்டு பாக்கிக்கு ஒரு வீடு!

எனவே கோருகிறோம்: புதுக் குடியிருப்புச் சாலைகளையும் பொதுவெளியையும் குறித்த காலத்துக்குள் கவுன்சில் ஏற்பது கட்டாயமாக வேண்டும். கட்டுநர் தரமாகப் போடவில்லையென்றால் அவர் பணத்திலேயே சரிசெய்து ஏற்க வேண்டும். 121-ஆம் பிரிவின் பிடியிலிருந்து எஸ்டேட் கட்டணத்தை அறவே விடுவிக்க வேண்டும். 2024 மே 24 அன்று நிறைவேறிய குத்தகை, சொந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், கட்டணம் நியாயமா என்று தீர்ப்பாயத்தில் கேட்கவும், நிர்வாகியை மாற்றக் கோரவும் உரிமை தருகிறது. ஆனால் அந்தப் பிரிவுகள் உயிர்பெற அமைச்சரின் தனி ஆணை தேவை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்ற கதை. ஆணையை முழுமையாகப் பிறப்பியுங்கள்.

குளத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வாத்துகள் நீந்துகின்றன, சிவப்பு மிதவை வளையம் தொங்குகிறது, பார்க்க அழகு. பெருமழையில் வயல் முன்பு குடித்த நீரை இப்போது தாங்குவது அதுதான். வண்டல் மேடிட்டால் தண்ணீர் சமையலறைக்கு வரும். இத்தகைய வடிகால்களுக்கு அனுமதியும் பொறுப்பாளியும் வகுத்த 2010-ஆம் ஆண்டு வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை வேல்ஸ் 2019-இல் நடைமுறைப்படுத்தியது. இங்கிலாந்தும் செய்ய வேண்டும்.

அடுத்து பேருந்து. சந்தை நகரம் என்பதே சுற்றுவட்டாரத்துக்காக இருப்பது. மார்க்கெட் ஹார்பரோ என்ற வேறொரு சந்தை நகரத்தில் 1614-இல் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் அதை மரத்தூண்கள் மேல் தூக்கிக் கட்டினார்கள். சந்தைக்கு வெண்ணெய் கொண்டுவருகிறவர்கள் அதன் கீழே நனையாமல் நின்று விற்பதற்காக. எங்கள் நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை இல்லை. 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பேருந்துகள் சந்தைப் போட்டிக்கு விடப்பட்ட நாளிலிருந்து, லாபம் தராத தடம் யாருடைய கடமையும் அல்ல. ஒற்றைப் பயணக் கட்டணத்துக்கு 2025 முதல் 3 பவுண்டு உச்சவரம்பு. வராத பேருந்துக்கு எந்த வரம்பு வைத்தால் என்ன? முதியோரின் இலவசச் சீட்டு வார நாளில் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும். இங்கே முதல் பேருந்து அதற்குச் சற்று முன்பே கிளம்பிவிடுகிறது, அடுத்தது மதியம். காலை ஏழு முதல் இரவு பத்து வரை, ஞாயிறு உட்பட, மணிக்கு ஒரு பேருந்து வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும் முதியவருக்கு நேரத்தடை வேண்டாம்.

நடந்து போகலாமே என்பீர்கள். நடைபாதை குடியிருப்பின் கடைசி வீட்டோடு வேலியோரம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊர் எல்லை வரை லாரிகளோடு இருட்டில் போக வேண்டும். அந்த இடைவெளியை விளக்கோடு கூடிய நடைபாதையால் இணையுங்கள். நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்துவதை லண்டனில் 1974 முதல் சட்டம் தடுக்கிறது; தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் இங்கேயும் உண்டு. (கையெழுத்திட்டவர்களிலும் சிலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். கையெழுத்தை வைத்துக்கொள்கிறோம், காரை இறக்கச் சொல்கிறோம்.)

இந்த வீடுகளுக்கு அனுமதி தந்தபோது, 1990-ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டுநர் பணம் தர ஒப்புக்கொண்டார். அத்தகைய பணத்தின் கணக்கைக் கவுன்சில்கள் ஆண்டுதோறும் டிசம்பருக்குள் வெளியிட வேண்டும். மொத்தத் தொகை எங்களுக்கு உதவாது. எங்கள் குடியிருப்பிலிருந்து வந்தது எவ்வளவு, எங்கே கிடக்கிறது, எந்தத் தேதியில் செலவாகும் என்று வாசலிலேயே பலகை வையுங்கள்.

காய்கறி போடக் கொஞ்சம் நிலமும் வேண்டும். கொல்லைப்புறப் புல்லைப் பெயர்த்தால் கட்டுநர் புதைத்த செங்கல் துண்டுகள்தான் வருகின்றன. 1908-ஆம் ஆண்டு சிறுநிலச் சட்டப்படி ஆறு வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் உள்ளூர் மன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆறு பேர் இந்தத் தெருவிலேயே இருக்கிறோம். இந்தச் சாசனத்தையே அந்த விண்ணப்பமாகவும் கொள்ளலாம்.

கேட்காதவையும் உண்டு. பக்கத்து வயலில் வரப்போகும் வீடுகளை நிறுத்தச் சொல்லவில்லை. இதில் எங்களுக்குள் சண்டையே நடந்தது. வயலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அடுத்த வயலுக்குக் காவல் நிற்பது அழகல்ல என்ற கட்சி வென்றது. வாசலில் கேட் கேட்கவில்லை. தேவாலய மணியை அடக்கச் சொல்லவில்லை. இந்நாட்டில் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு ஒரு தடவைக்கு 12 விநாடிக்கு மேல் போகக் கூடாது, பகல் 12-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒலியை இவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தெரு யாருடையது என்று எழுதிவைப்பது கடினமாக இருக்காது.

பதிலை எழுத்தில், வீடு வீடாகத் தாருங்கள். கூட்டம் கூட்டுவதானால் மாலை ஏழு மணிக்கு நகர மண்டபத்தில் வேண்டாம், திரும்பி வரப் பேருந்து இல்லை. சனிக்கிழமை காலை இங்கே ஊஞ்சல் பக்கம் வாருங்கள்; நாற்காலி நாங்கள் போடுகிறோம். கார் இல்லாமல் வர முடிகிறதா என்று மட்டும் முயன்று பாருங்கள்.