மரண அறிவித்தலுக்குள் அடங்காத மனிதர்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். ஒருவருடைய மரணத்துக்குப் பத்திரிகையில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதை அவர் வாழ்ந்த வாழ்க்கை தீர்மானிப்பதில்லை; அவர் வகித்த பதவியே தீர்மானிக்கிறது. அரசியல்வாதி என்றால் முதற்பக்கம். பாடசாலை அதிபரோ புலவரோ என்றால் உட்பக்கத்தில் ஒரு கட்டுரை. விவசாயி என்றால் பணம் செலுத்திப் பிரசுரிக்கும் மரண அறிவித்தல் மட்டுமே. இன்னாரின் கணவர், இன்னார்களின் தந்தை, நல்லடக்கம் இத்தனை மணிக்கு என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இராது. கல்முனைக் கரையோரத்து ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அதைவிடச் சுருக்கமாகச் செய்தியைச் சொல்லி முடித்துவிடும்.

அண்மையில் அந்தக் கரையோரத்தில் காலமான ஒரு வயற்காரரைப் பற்றி எழுத நினைக்கிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியவரல்லர். விவசாயச் செய்தி தேடிப் போன காலத்தில் அறிமுகமானவர். என்னைப் 'பேப்பர்த் தம்பி' என்றே கடைசிவரை அழைத்தார். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, தந்தையுடன் வட்டைக்குப் போகத் தொடங்கியவர், 80 வயதைத் தாண்டிய பின்னரும் வரம்பில் நடந்துகொண்டிருந்தார்.

இந்த ஊர்களின் அமைப்பை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காகக் கடலையொட்டி நீளும் முஸ்லிம் ஊர்களும், அவற்றிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் ஓர் ஒடுங்கிய மணற்கீற்றில் நெருங்கிக் கிடக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல்வெளி. மக்கள் குடியிருப்பது மணலில், சோறு விளைவது மேற்கில். வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே இப்பகுதி வரலாற்றின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

அந்த வயல்வெளியை மாற்றியமைத்தது கல்லோயாத் திட்டம். தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றை மறித்து, 1949இல் தொடங்கிய வேலையின் பயனாக இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். வாய்க்கால் நீர் வந்ததால் பெரும்போகத்துடன் சிறுபோகமும் செய்வது பரவலாயிற்று. அதே திட்டத்தின் கீழ் மேற்கில் பெருமளவில் சிங்கள விவசாயிகள் குடியேற்றப்பட்டதும், 1956இல் அங்கு வன்செயல் வெடித்ததும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டதும் வரலாறு. தண்ணீர் வந்த மகிழ்ச்சியும் நிலம் போன கவலையும் ஒரே வாய்க்காலில்தான் வந்தன.

நமது மனிதருக்கு இந்த ஆண்டுக் கணக்குகள் தெரியாது. அவரிடம் வேறு நாட்காட்டி இருந்தது. 1957 டிசம்பர் வெள்ளம் ஒரு பக்கம், 1978 நவம்பர் சூறாவளி மறுபக்கம். இடையில் நடந்தவையெல்லாம் வெள்ளத்துக்குப் பின், சூறாவளிக்கு முன். கடைசி மகள் பிறந்தது சூறாவளி ஆண்டில். "இவள் அழத் தொடங்கினதுக்குப் பிறகுதான் தம்பி காத்தே வந்த" என்பார். அந்த மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. பகிடி மாறவில்லை.

அவருக்கு நான்கு பெண்மக்களும் ஒரு மகனும். இதன் பொருள் கிழக்கிலங்கையில் பிறந்தவர்களுக்கு உடனே விளங்கும். மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுபவர்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது தந்தையின் கடமை. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணின் கையில் சொத்து இருக்கச் செய்யும் முறை என்று அதைப் பாராட்டலாம். ஆனால் அந்தச் சொத்து எவருடைய முதுகில் ஏறி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்கு பெண்கள் என்றால் நான்கு வீடுகள். ஒரு போகத்தில் அத்திவாரம், அடுத்த போகத்தில் சுவர், அதற்கடுத்த போகத்தில் ஓடு. விளைச்சல் பிழைத்த ஆண்டில் சுவர் அப்படியே மழையில் நனையும். வயல் வேலை இல்லாத மாதங்களில் செங்கல் வெட்டினார். பிறருடைய வண்டியில் மண் ஏற்றினார். இத்தனை வீடுகள் கட்டிய மனிதருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. அவர் இருந்தது மனைவியின் சீதன வீடு. "அம்பது வருஷத்துக்கு மேல வாடகை குடுக்காம இருக்கன். வீட்டுக்காரி இன்னும் எழுப்பல்ல" என்று மனைவிக்குக் கேட்கும்படியாகவே சொல்லுவார். உள்ளேயிருந்து, "பாக்கிய இன்னும் கணக்குப் பார்த்து முடியல்ல" என்று பதில் வரும்.

யுத்தகாலத்தில் அந்த மேற்குத் தூரம் மிகவும் நீண்டுபோயிற்று. 1990இன் பின்னர் வயலுக்குப் போவதென்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிற்று. முஸ்லிம்களும் தமிழரும் தத்தம் வட்டைகளுக்குப் போக அஞ்சிய ஆண்டுகள் அவை. பலருடைய காணிகள் காடேறின. இவரும் சில போகங்களை இழந்தார். பின்னர் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய் விதைத்தார். விதைநெல் மூட்டையைக் குத்திப் பார்த்த சிப்பாய் ஒருவரிடம், "மூணு மாசம் கழிச்சு வாங்க மாத்தயா, உள்ளுக்கு என்ன இருந்ததெண்டு வயலே காட்டும்" என்றாராம். சிப்பாயும் விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கடற்கரைப் பக்கமிருந்த இவருடைய கடைசி மகளின் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போயிற்று. ஒரு பேத்தியும் போனாள். காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள் அடங்கிய தகரப்பெட்டியும் போயிற்று. பின்னர் ஓர் அலுவலகத்தில் உறுதியைக் கேட்டபோது, "கடல் வாசிக்க எடுத்திட்டுப் போயிருக்கு. வாசிச்சு முடிஞ்சாக் கொண்டுவந்து தரும்" என்றார். பேத்தியைப் பற்றி ஒருநாளும் பகிடி பேசியதில்லை. 60 வயதைத் தாண்டிய நிலையில் வயலில் ஒரு துண்டை விற்று, அதே மகளுக்கு இரண்டாவது முறையாக வீடு கட்டினார்.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நெற்பயிர் மஞ்சளித்து நின்றபோது தொலைபேசியில் விசாரித்தேன். "பசளை போடாம வளருறது எண்ட வயசு மட்டும்தான் தம்பி" என்றார். நானும் சிரித்தேன். அந்தப் போகத்தின் நட்டம் அவரைச் சிரிக்க வைத்திருக்காது.

இவ்வளவையும் எழுதியது ஒரு நல்ல மனிதரைப் புகழ்வதற்கு மாத்திரமன்று. இவரைப் போன்றவர்கள் போகும்போது குடும்பத்துக்கு ஒரு தந்தை இல்லாமற் போகிறார். ஊருக்கோ ஓர் ஆவணக் காப்பகம் இல்லாமற் போகிறது. எந்த வட்டையில் எந்தக் கண்டத்தை 1960களில் யார் செய்தார், எந்த வாய்க்கால் எப்போது திசைமாறியது, எந்த மேட்டில் மந்தை மேய்ந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. உறுதிகள் கடலோடும் யுத்தத்தோடும் போய்விட்ட ஒரு பிரதேசத்தில் இது வெறும் பழங்கதையன்று. வட்டமடு போன்ற இடங்களில் விவசாயிகளும் கால்நடை வளர்ப்போரும் வனத் திணைக்களமும் காணிக்காக மோதி நின்றதை நாம் பார்த்தோம். அத்தகைய வேளைகளில் கேட்கப்படும் முதற்கேள்வி, 'முன்னர் இங்கே யார் இருந்தார்?' என்பதே. பதில் தெரிந்தவர்கள் மையவாடியில் இருக்கிறார்கள்.

முதியவர்களின் நினைவு பிசகக்கூடியது, தன் பக்கம் சாயக்கூடியது என்று சிலர் கூறுவர். உண்மைதான். அதனாலேயே ஒருவருடையதை மட்டுமன்றிப் பலருடையதையும் பதிய வேண்டும் என்கிறேன். முஸ்லிம் விவசாயியின் வாக்குமூலத்துக்கு அருகில் தமிழ் விவசாயியினதும், வாய்க்காலின் மேற்புறத்துச் சிங்கள விவசாயியினதும் இருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில், நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த ஒரு காலத்தில், கல்லோயா இடதுகரையின் மேற்புறத்து விவசாயிகள் முறைவைத்து நீர்பாய்ச்சி, மிச்சம் பிடித்துக் கீழ்ப்புறத்தாருக்கு விட்டார்கள். மேற்புறத்தில் பெரும்பாலும் சிங்களவர். கடைக்கோடியில் தமிழ் பேசுவோர். அந்த முயற்சியில் பங்குகொண்ட கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப், கல்லோயாவிலிருந்து கற்பது குறித்து 1992இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். உலகம் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டது. கடைக்கோடியில் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களின் வாய்மொழியைத் தமிழில் நாம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம்?

முயற்சிகள் அறவே இல்லையென்று சொல்லமாட்டேன். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தேடித் தொகுத்தார். பாடல்கள் இவ்வாறு ஓரளவு தப்பின. பாடியவர்களின் வாழ்க்கை தப்பவில்லை. களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்று சொல்லும் வழக்கத்தை அகராதியில் சேர்க்கலாம். அந்தச் சொல்லை இரவு முழுவதும் சூடு மிதித்துக்கொண்டே சொன்னவர் யாரென்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் வாழும் கனடாவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1905இல் மாகாணங்களான அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் ஆகியவற்றின் புல்வெளிச் சமவெளியில், கோதுமை விவசாயிகளின் சிற்றூர்கள் பலவும் தம் ஊர் வரலாற்றைத் தாமே தொகுத்து நூலாக்கியிருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்து வந்தது, எந்தக் காணியைத் திருத்தியது, எந்த ஆண்டு விளைச்சல் பொய்த்தது என்பதை அந்தந்தக் குடும்பத்தாரே எழுதினார்கள். எழுத்தாளர்கள் தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் முடியாது?

இந்தக் கரையோரத்தில் அதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. குடிகள் இருக்கின்றன, குடிக்கு மரைக்காயர் இருக்கிறார், பள்ளிவாசல் நிர்வாகமும் விவசாய அமைப்புகளும் இருக்கின்றன. 1990களின் நடுப்பகுதியில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், வயல்வெளிக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு முதிய விவசாயியிடம் இரண்டு மணிநேரம் பேசிப் பதிவுசெய்தாலே சில ஆண்டுகளில் ஒரு பெருந்தொகுப்பு உருவாகிவிடும். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் அதை எவரும் கேட்கும்படி வைக்கலாம். செலவு சொற்பம். காலந்தான் குறைவு.

தோஹாவிலோ இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்து இதை வாசிக்கும் கிழக்கிலங்கை அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வாப்பாவுடனோ அப்பாவுடனோ தொலைபேசியில் பேசும்போது, சுகம் விசாரித்தபின் வைத்துவிடாதீர்கள். முதன்முதல் எந்த வட்டையில் இறங்கினார், யாருடைய காணி, எத்தனை அவணம் கண்டது, வீட்டின் சுவர் எந்தப் போகத்துக் காசு என்று கேளுங்கள். பகிடியாகத்தான் பதில் சொல்வார். அந்தப் பகிடியையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.