கண் மூடாத லேப்டாப்

லேப்டாப்பை அப்படியே வெச்சுட்டு மெஸ்ஸுக்குப் போறீங்க. 5 நிமிஷத்துல திரை அணையணும்னு செட்டிங்ஸ்ல சொல்லியாச்சு. திரும்பி வந்தா, பளிச்சுனு எரியுது. பேட்டரி பாதி காலி. காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ வேற!

சர்வீஸ் கடைக்கு ஓடாதீங்க பாஸ். முதல்ல மவுஸைக் கழட்டிப் பாருங்க. கண்ணாடி மாதிரி மேஜையில் கிடக்கும் ஆப்டிகல் மவுஸ், யாரும் தொடாமலே அம்புக்குறியை நடுங்கவைக்கும். 'ஆள் இருக்கார்'னு நினைத்து விண்டோஸ் திரையை அணைக்காது. கழட்டினதும் சரியாச்சா? மவுஸுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போடுங்க. வேலை முடிஞ்சது.

அப்பவும் அடங்கலையா? குற்றவாளி உள்ளே இருக்கார். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்க. பவர் என்ற ஆங்கில வார்த்தையோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி டைப் பண்ணுங்க. ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ரிக்வெஸ்ட்ஸ். என்டர் தட்டினால், 'டிஸ்ப்ளே' என்ற தலைப்புக்குக் கீழே திரையைத் தூங்கவிடாத புரோகிராமின் பெயர் வரும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. பெரும்பாலும் நீங்க மறந்துபோன ஏதாவது வீடியோவாத்தான் இருக்கும். மூடிடுங்க.

புது பேட்டரிக்குக் காசு அழறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பார்த்துடுங்க. மிச்சமாகிற பணத்துல ரூம்மேட்டுக்கு ட்ரீட்!