போகப் போகப் பழகிடும்!

முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ட்யூட்டியில் ஏறிய முதலாண்டு பி.ஜி. மாணவி, மறுநாள் ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணயர்கிறார். சீஃப் திரும்பிப் பார்க்கிறார். “என்னம்மா, இதுக்கேவா? நாங்க ரெண்டு நாள் சேர்ந்தாப்புல கண்ணை மூடாம பார்த்தோம். போகப் போகப் பழகிடும்.” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மாணவியும் சிரித்துவைக்கிறார். மருத்துவக் கல்லூரியில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த சீஃப் கொடுமைக்காரரும் அல்ல. மாணவிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பக்கூடியவர். தாங்குகிறவரே டாக்டர் என்று அவர் உளமார நம்புகிறார், அவ்வளவுதான்.

மருத்துவக் கல்விக் கருத்தரங்குகளில் இப்போது அதிகம் அடிபடும் சொல் ‘ரெசிலியன்ஸ்’. மீள்திறன் என்கிறோம். அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய வடிவுக்கு வரும் பொருளின் குணத்தைக் குறித்த சொல் பிறகு மனிதருக்கும் ஆனது. ஸ்பிரிங் மேலே வர வேண்டுமானால் ஒரு கட்டத்தில் அதன்மேல் இருக்கும் கையை எடுத்தாக வேண்டும். நம் ஆசிரியர்கள் பலரின் பேச்சில் கையை எடுக்கும் கட்டமே கிடையாது. மீள்திறன் என்ற பெயரில் அவர்கள் கேட்பது தாங்குதிறனை. பண்பாடு செய்துவைத்த மொழிபெயர்ப்பு அது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முன்னால் டாக்டர் ரங்காச்சாரியின் சிலை நிற்கிறது. 1934இல் மறைந்த அந்த அறுவைசிகிச்சை நிபுணர், விடியும் முன்பே வேலையைத் தொடங்கி நாளுக்கு 18 மணி நேரம் உழைத்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அவர் எப்போது தூங்கினார் என்பது மட்டும் அந்தக் கதையில் வருவதில்லை. வீட்டிலும் இதே பாடம்தான். குடும்பத்தின் முதல் டாக்டர், சில சமயம் ஊருக்கே முதல் டாக்டர். அப்பா நிலத்தை அடகு வைத்திருப்பார். ‘முடியலை’ என்ற சொல் அங்கே எடுபடாது. ஆசிரியரும் பெரும்பாலும் அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவரே. மாணவர் கண்கலங்கினால் அவருக்கு அது ஓர் அறிகுறியாகத் தெரிவதில்லை, வளர்ப்பின் குறையாகத் தெரிகிறது. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர் வேறெப்படிப் பார்ப்பார்?

ஆனால், மருந்தும் இதே பண்பாட்டில்தான் இருக்கிறது. 2003இல் வெளியான கானர்-டேவிட்சன் அளவுகோல் 25 கூற்றுகளை வைத்துத் தனியொருவரின் மீள்திறனை அளக்கிறது. நம் வார்டிலோ ஒருவரைத் தூக்கி நிறுத்துவது யூனிட். “நீ போய் ரெண்டு மணி நேரம் படு, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லும் சீனியர் அக்கா எந்த அளவுகோலிலும் சரியாக அகப்படமாட்டார். அதே உறவுமுறைதான் வாயையும் அடைக்கிறது. அண்ணன் மேல் யாரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பது?

தாங்கும் பண்பாடு நமக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவமனையிலேயே கிடந்து அறுவைசிகிச்சை கற்கும் ரெசிடென்சி முறைக்கு வடிவம் கொடுத்தவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் கோகெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர். ஜப்பானில் ‘காமன்’, அதாவது வாய்பேசாமல் பொறுத்துக்கொள்வது, பெரும் பண்பாகப் போற்றப்படுகிறது. அங்கேயும் 2024 ஏப்ரலில் மருத்துவர்களின் ஓவர்டைமுக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று வரம்பு வந்தது. பயிற்சி மருத்துவர் உள்ளிட்ட சிலருக்கு 1,860 மணி நேரம்வரை விலக்கு! காமன் சட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

இங்கே கதை இன்னும் விசித்திரம். ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம்தான் வேலை, தொடர்ச்சியாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூனிலேயே உத்தரவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகள் எண்ணையே விட்டுவிட்டு ‘நியாயமான பணி நேரம்’ என்றன. எது நியாயம் என்பதை யார் முடிவுசெய்வார்? ரெண்டு நாள் தூங்காமல் பார்த்த சீஃப்தான்.

2024இல் ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 25,590 இளநிலை மாணவர்கள், 5,337 முதுநிலை மாணவர்கள், 7,035 ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டது. முதுநிலை மாணவர்களில் 31% பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். அக்கறையோடு எழுதப்பட்ட அறிக்கை அது. வார விடுப்பு, போதிய தூக்கம் எல்லாம் பரிந்துரையில் உண்டு. வேலைக்கு அது வைத்த உச்சவரம்போ வாரம் 74 மணி நேரம். 48 என்ற உத்தரவு இருக்கும்போதே 26 மணி நேரத்தைக் கூட்டி, அதையே சீர்திருத்தமாக முன்வைத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. குழுவில் இருந்த மருத்துவர்களும் இதே வார்டுகளில் ‘பழகியவர்கள்’.

புதிதாகச் சேரும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சியிலேயே யோகாவும் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பாடமும் வந்துவிட்டன. ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் ‘உங்கள் அகராதியில் மீள்திறன் என்றால் என்ன?’ என்று ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசவைத்தால், யோகாவைவிட அது கூடுதலாக வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரவுண்ட்ஸில் ஒரு மாணவி நின்றபடி கண்ணயர்ந்தால், உங்கள் காலத்துக் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் ட்யூட்டி சார்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.